சேற்றுக்குள் ஒரு பற்றரி

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு பற்றரி என்பது கடைக்குப் போய் வாங்கிவரும் சாமான் இல்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மறிக்கப்பட்ட பொருட்களில் அதுவும் ஒன்று. மின்சாரமும் இல்லை. பொழுதுபட்டதும் முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவோம். டைனமோவின் வயரை ரேடியோவில் கொளுவி ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் குந்தியிருந்து பிபிசி தமிழோசை கேட்போம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துவிடும்.

பழைய பற்றரிகளை யாரும் எறிவதில்லை. எங்கள் கிணற்றுக்கட்டில் அவை வரிசையாக வெயில் காயும். சிலர் ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீர் விடுவார்கள். "அப்பப்பா, இது செத்துப்போச்சோ?" என்று கேட்டால், "சாகேல்லை மோனை, களைச்சுப்போச்சு. வெயிலுக்குள்ள வை" என்பார். பல தடவை அவர் சொன்னது சரியாகவே இருந்தது. சூடேறியதும் அரை மணித்தியாலத்துக்காவது ரோச் லைற் மங்கலாக எரியும்.

அதற்கும் மசியாத பற்றரியை நாங்கள் உடைப்போம். வெளிச்சுற்றிலுள்ள நாகத் தகடு பொத்தல் பொத்தலாக அரித்திருக்கும். உள்ளே கறுப்புப் பசை. கையில் பட்டால் சவர்க்காரத்துக்கும் இலேசில் போகாது. நடுவில், பித்தளைத் தொப்பி போட்ட கரிக்கோல். மதிலில் எழுத அதைவிட நல்ல எழுதுகோல் எங்களிடம் இருக்கவில்லை.

அந்தக் கறுப்புப் பசை மங்கனீசீரொட்சைட்டு என்பது உயர்தர வகுப்புக்கு வந்தபின்தான் தெரிந்தது. நாகம் இலத்திரன்களைக் கொடுக்கிறது, மங்கனீசீரொட்சைட்டு வாங்கிக்கொள்கிறது. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் ஒரு வயரைப் போட்டு, இலத்திரன் போகிற வழியில் ரேடியோவை வைக்கிறோம். மின்னிரசாயனம் என்று மாதக்கணக்கில் படிக்கும் பாடத்தின் உயிர்நிலை இவ்வளவுதான். இந்த அத்தியாயம் முழுவதற்கும் உங்களுக்குத் தேவையான பாடமும் இதுதான்.

மூச்சு விடுவதும் இதே கொடுக்கல் வாங்கல்தான். நாம் உண்ட சோற்றிலிருந்து பிரியும் இலத்திரன்களைக் கடைசியில் ஒட்சிசன் வாங்குகிறது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் வேறு ஆளைத் தேடும்: நைத்திரேற்று, இரும்புத் துரு, சல்பேற்று. 1988இல் சார்ள்ஸ் மையர்ஸ், கெனத் நீல்சன் இருவரும் நியூயோர்க் மாநிலத்தின் ஒனைடா ஏரிச் சேற்றிலிருந்து எடுத்த ஒரு பற்றீரியா, மங்கனீசீரொட்சைட்டிடமே இலத்திரனைக் கொடுத்து உயிர் வாழ்வதைக் காட்டினார்கள். நாங்கள் கிணற்றடியில் சுரண்டி எடுத்த அதே கறுப்புப் பொருள்தான் அது.

இனித் தொண்டைமானாற்றுக்குப் போவோம். செல்வச்சந்நிதி கோயிலை அடுத்த கரையில், கோடையில் கடனீரேரியின் நீர் பின்வாங்கி விளிம்பெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும் மாதங்களில் சேற்றில் இறங்கிப் பாருங்கள். மேலே தோல் மாதிரி ஒரு பழுப்புப் படலம். இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு இருந்தால் அதிகம். அதன் கீழ் சாம்பல் நிறம். இன்னும் கீழே மை போன்ற கறுப்பு, கூழ்முட்டை நாற்றம். காலை இழுத்தெடுத்தால் கணுக்கால் வரை கறுப்புச் சப்பாத்துப் போட்டதுபோல் இருக்கும். அப்படியே வீட்டுக்கு நடந்து வாருங்கள். படலையைத் திறக்கும்போது அந்தக் கறுப்பு வெளிறியிருக்கும், ஓரங்களில் மெல்லிய துருநிறம் தெரியும். நீங்கள் கழுவவுமில்லை, துடைக்கவுமில்லை.

அந்தக் கறுப்பு, இரும்புச் சல்பைட்டு. இலத்திரன்களை நிறைய வைத்துக்கொண்டு, வாங்க ஆளில்லாமல் கிடந்த பொருள். காற்றுப்பட்டதும் ஒட்சிசன் வந்து அவற்றை வாங்கிக்கொண்டது. ஒரு பற்றரி உங்கள் காலில் இறங்கி முடிந்திருக்கிறது.

சேற்றில் இந்த அடுக்குகள் உண்டாவது, இலத்திரன் வாங்குவோர் வரிசைப்படி தீர்ந்துபோவதால். மேலே ஒட்சிசன், அது தீர்ந்த இடத்தில் நைத்திரேற்று, பிறகு மங்கனீசு, இரும்பு, கடைசியில் சல்பேற்று. கடல்நீரில் சல்பேற்றுக்குப் பஞ்சமில்லை. கூழ்முட்டை நாற்றம் அதை மூச்சாக்கும் பற்றீரியாக்களின் வேலை. கீழே கொடுப்பவர்கள், மேலே வாங்குபவர்கள், இடையில் ஒன்றிரண்டு சென்றிமீற்றர். பழைய பற்றரியின் கரிக்கோல் ஒன்றைக் கறுப்புச் சேற்றில் புதைத்து, இன்னொன்றை மேலேயுள்ள நீரில் தொங்கவிட்டு, இரண்டையும் வயரால் இணைத்தால் மின் ஓடும். கடற்சேற்றில் இதை 2001இல் கிளேர் ரைமர்ஸ் குழுவினர் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு டெரெக் லவ்லியின் குழு, புதைத்த முனையில் எந்தப் பற்றீரியாக்கள் வந்து ஒட்டுகின்றன என்று பார்த்தது. கூடியிருந்தவை, சேற்றின் கரிமப் பொருளைத் தின்று இலத்திரனை நேரே கரியிடம் கையளிக்கும் இனங்கள். வயர் போடும்வரை இரும்புத் துருவிடம் கொடுத்துவந்த பற்றீரியாக்கள் அவை.

இந்த ஒன்றிரண்டு சென்றிமீற்றர் எல்லையில்தான், ஒட்சிசன் தேய்ந்து சல்பைட்டு தொடங்கும் அந்தக் கோட்டில், காந்தப் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன.

அவற்றை முதலில் கண்டவர் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சல்வத்தோரே பெல்லினி. நுணுக்குக்காட்டியின் கீழ் சில பற்றீரியாக்கள் எப்போதும் வடக்கு நோக்கியே நீந்துவதைக் கண்டு 1963இல் எழுதி வைத்தார். இத்தாலிய மொழியில் இருந்த அந்த எழுத்தை உலகம் கவனிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கரையோரச் சேற்றை ஆராய்ந்துகொண்டிருந்த ரிச்சர்ட் பிளேக்மோர் என்ற ஆய்வு மாணவர், துளியின் ஒரே பக்கத்தில் போய்க் குவியும் பற்றீரியாக்களைக் கண்டார். ஒளியைத் தேடிப் போகின்றனவோ என்று ஒளியை மறைத்துப் பார்த்தார். அப்போதும் அதே பக்கம். காந்தமொன்றைக் கிட்டக் கொண்டுபோனார். கூட்டம் முழுவதும் திரும்பியது.

உள்ளே பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் மாலை கோத்ததுபோல் ஒரு சங்கிலி. ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ 40 முதல் 100 நனோமீற்றர் அளவு, மெல்லிய சவ்வுறைக்குள் வளர்ந்த பளிங்கு. மணி இதைவிட மிகச் சிறிதானால் காந்தம் நிலைக்காது. மிகப் பெரிதானால் உள்ளேயே காந்தம் துண்டு துண்டாகிப் பலமிழக்கும். நிலையான தனிக்காந்தம் உண்டாகும் அளவிலேயே பற்றீரியா அதை வளர்த்து நிறுத்திவிடுகிறது. 1979இல் ரிச்சர்ட் ஃபிராங்கல், பிளேக்மோர், ரால்ஃப் வூல்ஃப் மூவரும் அந்தப் பளிங்கு காந்தக்கல்தான், இரசாயனவியலில் மக்னடைட்டு, என்று உறுதி செய்தார்கள். சல்பைட்டு நிறைந்த சேற்றில் வாழும் சில இனங்கள் ஒட்சிசனுக்குப் பதில் கந்தகம் சேர்ந்த கிரெகைட்டு என்ற காந்தப் பொருளைச் செய்கின்றன. தெற்கு ஜேர்மனியின் கீம்சே ஏரியில் வாழும் ஓர் இராட்சத இனத்துக்குள் ஆயிரம் வரையான பளிங்குகள் உண்டு. சாதாரண பற்றீரியாவுக்கு இரும்பு ஒரு சிட்டிகை போதும். இவற்றில் உலர் எடையில் 2 முதல் 3 சதவீதம் இரும்பு.

எதற்காக இவ்வளவு செலவு? பாடநூல்கள் தரும் விடை அழகானது. புவியின் காந்தக் கோடுகள் வட அரைக்கோளத்தில் நிலத்துக்குள் சரிந்து இறங்குகின்றன. வூட்ஸ் ஹோலில் அந்தச் சாய்வு 70 பாகையை ஒட்டியது. வடக்கே போவது என்றால் பெரும்பாலும் கீழே போவதுதான். நுண்ணுயிருக்கு ஈர்ப்பு விசை அவ்வளவாக உறைக்காது. எது மேல், எது கீழ் என்று காந்தம் சொல்லிக்கொடுக்க, அது ஒட்சிசன் மிகுந்த மேற்பரப்பை விட்டுத் தனக்கேற்ற அடுக்குக்கு இறங்குகிறது. தென் அரைக்கோளத்தில் தெற்கு நோக்கி நீந்துபவை இருப்பதும் இதனோடு பொருந்துகிறது.

இந்தக் கதையை யாழ்ப்பாணத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். காந்தக் கோடுகள் சரியாமல் கிடையாக ஓடும் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தெற்கு முனையையும் இலங்கையையும் ஊடறுத்துச் செல்கிறது. 1963 நவம்பர் 21இல் இந்தியா தன் முதல் ஆய்வு ரொக்கெற்றை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தெரிந்தெடுத்ததற்கே அந்தக் கோட்டின் அண்மைதான் காரணம். குடாநாட்டில் காந்தக் கோடுகள் நிலத்தோடு ஆக்கும் சாய்வு ஒரு சில பாகைகளே. இங்கே காந்தத்தைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனால் வடக்கேதான் போகலாம். கீழே போக முடியாது. பலாலியில் புறப்பட்ட பற்றீரியா பாக்கு நீரிணையை நோக்கிப் போகுமே தவிர சேற்றுக்குள் இறங்காது.

ஃபிராங்கலும் பிளேக்மோரும் பிரேசில் ஆய்வாளர்களோடு சேர்ந்து 1981இல் இதையே சோதித்தார்கள். பிரேசிலின் ஃபோர்த்தலேசா நகரும் அக்காலத்தில் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருந்தது. அங்கே வடக்கு நோக்குபவையும் தெற்கு நோக்குபவையும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. நடுக்கோட்டில் எந்தத் திசைக்கும் தனி அனுகூலம் இல்லை. கிடையாக நீந்துவது, மேலே தொலைந்துபோவதையாவது குறைக்கும் என்று விளக்கம் சொன்னார்கள். ஏற்கத்தக்க விளக்கம்தான். ஆனால் உடல் எடையில் இவ்வளவு இரும்பைச் சுமப்பதற்கு அது போதுமான காரணமா என்ற கேள்வி எனக்கு ஓயவில்லை. 2006இல் அந்தக் கேள்வி வூட்ஸ் ஹோலுக்கே திரும்பி வந்தது. ஷெரி சிம்மன்ஸ் குழுவினர் அங்குள்ள சோல்ற் பொண்ட் குளத்தில், வட அரைக்கோளத்தில் இருந்துகொண்டே தெற்கு நோக்கி நீந்தும் காந்தப் பற்றீரியாக்களைக் கண்டார்கள். இலத்திரனை வாங்கும் போக்கு நீரில் எங்கே அதிகமோ, அங்கே தெற்கு நோக்குபவற்றின் பங்கும் அதிகமாக இருந்தது. திசைகாட்டிக் கதைக்குள் மின்னிரசாயனம் நுழைந்த இடம் அது.

காந்தக்கல்லை இரசாயனக் கண்ணால் பார்ப்போம். அதன் ஒவ்வோர் அலகிலும் மூன்று இரும்பு அணுக்கள், நான்கு ஒட்சிசன். மூன்று இரும்பும் ஒரே நிலையில் இல்லை. ஒன்று இரண்டு இலத்திரனை இழந்தது, மற்ற இரண்டும் மூன்றை இழந்தவை. ஆக, ஓர் இரும்பிடம் அயலவரைவிட ஓர் இலத்திரன் மிச்சம் இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் அந்த இலத்திரன் ஓரிடத்தில் நில்லாமல் பக்கத்து இரும்புக்குத் தாவிக்கொண்டேயிருக்கும். துருவில் மின் அரிதாகவே ஓடுகிறது, காந்தக்கல்லில் தாராளமாக ஓடுகிறது. காரணம் இந்தத் தாவல்தான். கைமாற்றத் தயாராக இலத்திரன்களை வைத்திருக்கும் ஒரு திண்மம் அது.

இந்த ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கு தவறினால் காந்தக்கல் உண்டாகாது, துரு உண்டாகும். அதைப் பற்றீரியா கவனமாகப் பார்த்துக்கொள்கிறது. 2013இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மாம்பி என்ற புரதத்தின் வடிவத்தை வெளியிட்டார்கள். காந்தப் பளிங்கு வளரும் சவ்வுறையில் இருந்துகொண்டு, இரும்பிடமிருந்து ஓர் இலத்திரனைக் கழற்றும் புரதம் அது. காந்தப் பற்றீரியாக்களில் மட்டுமே காணப்படும் ஒரு வகை இலத்திரன் பிடி அதில் உண்டு. அதற்கு முந்திய ஆண்டு டீர்க் ஷூலரின் ஜேர்மன் குழு, நைத்திரேற்றை மூச்சாக்கும் நொதியத்தை நீக்கிய பற்றீரியாக்களில் காந்தப் பளிங்குகளும் குன்றிப்போவதைக் கண்டது. காந்தம் செய்வதும் மூச்சு விடுவதும் ஒரே இலத்திரன் கணக்கில் எழுதப்படுகின்றன என்று அதற்குப் பொருள். அதே 2012இல் சீன ஆய்வாளர்கள், காந்தப் பளிங்குகள் உள்ள பற்றீரியாக்கள் ஒட்சிசனின் நச்சு வடிவங்களைத் தமக்குள்ளேயே அடக்கிக்கொள்வதையும், பளிங்கில்லாத திரிபு இனத்தில் அந்த நஞ்சு கூடுவதையும் காட்டினார்கள். ஒட்சிசன் எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இது சிறிய உதவியில்லை.

எனக்கு மிகப் பிடித்த சோதனை 2015 மார்ச்சில் வெளிவந்தது. ஜேர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேர்ன், அன்ட்ரியாஸ் கப்லர் குழுவினர் ஒரு போத்தலுக்குள் காந்தக்கல்லின் நுண்துணிக்கைகளையும் இரண்டு வகைப் பற்றீரியாக்களையும் விட்டார்கள். இரண்டும் காந்தத்தை உள்ளே சுமப்பவை அல்ல. காந்தக்கல்லைக் கடைச் சரக்காகப் பயன்படுத்துபவை. ஒன்று ஒளியில் வாழ்வது. பகலில் காந்தக்கல்லிலிருந்து இலத்திரனை எடுத்துக் காபனீரொட்சைட்டை உணவாக்கும். மற்றது ஜியோபக்டர், இருளில் கரிமப் பொருளைத் தின்று இலத்திரனைக் காந்தக்கல்லில் இறக்கும். விளக்கைப் போட்டார்கள், காந்தக்கல் இலத்திரனை இழந்தது. அணைத்தார்கள், திரும்பப் பெற்றது. திரும்பத் திரும்ப இப்படி நடந்தும் கல் கரைந்து போகவில்லை, வேறொன்றாக மாறவில்லை. ஏறி இறங்குவதைக் காந்தத்தன்மையின் மாற்றத்தை வைத்தே வெளியிலிருந்து அளந்தார்கள். இரவில் சார்ச் ஏறிப் பகலில் இறங்கும் பற்றரி, இரண்டு நுண்ணுயிர்களுக்குப் பொதுவாக.

இதைப் படித்த அன்று எனக்கு அப்பப்பாவின் கிணற்றுக்கட்டு ஞாபகம் வந்தது. நாகம் ஒருமுறை அரித்தால் திரும்ப நாகமாகாது. அவர் வெயில் காயவைத்த பற்றரிகள் இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு உண்மையிலேயே செத்தன. காந்தக்கல் களைக்கும், சாகாது.

காந்தப் பற்றீரியா இறந்தால் அதன் சங்கிலி சேற்றில் தங்கிவிடுகிறது. எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு எங்கள் பக்கத்துக் கடலிலேயே சான்று உண்டு. வங்காள விரிகுடாவின் தென்மேற்கில் எடுத்த அடிச்சேற்றில், ஏறத்தாழ 50,000 ஆண்டு பழமையான இராட்சத காந்தப் புதைபடிவங்களைக் கண்டதாகக் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தினர் 2024இல் அறிவித்தார்கள். கோதாவரி, காவிரி போன்ற ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய இரும்பு அவற்றுக்குத் தீனி. பெரும் ஆறில்லாத குடாநாட்டில் அந்த வேலையை மாரி மழை செய்கிறது: வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணின் சிவப்பு முழுவதும் இரும்பு ஒட்சைட்டு. உயிரோடு இருக்கையில் ஒருவரின் திசைகாட்டியாக இருந்தது, இறந்தபின் அயலாருக்குப் பற்றரியாகிறது என்று கருத நல்ல இடமுண்டு.

இதை எங்கள் கிணறுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணம் பெரும்பாலும் குடிப்பது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கிய மழைநீர். வெங்காயத் தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழிகளின் கழிவும் அந்த வெடிப்புகள் வழியே நைத்திரேற்றாக இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் பல கிணறுகளில் அது மீறப்படுகிறது. பால்குடிப் பிள்ளைகளுக்கு இந்த நைத்திரேற்று ஆபத்து. குருதியின் ஒட்சிசன் சுமக்கும் வலுவையே கெடுத்துவிடும். கொதிக்கவைத்தாலும் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும்.

இலத்திரன் கணக்கில் சொன்னால், நைத்திரேற்று வாங்குவதற்குக் காத்து நிற்பது. ஐந்து இலத்திரன் கொடுத்தால் அதிலுள்ள நைதரசன் வெறும் வாயுவாகிக் காற்றோடு போய்விடும். சுண்ணாம்புக்கல்லில் கொடுப்பதற்கு ஆளில்லை. சேற்றில் இருக்கிறார்கள். காந்தப் பற்றீரியாக்களே நைத்திரேற்றை நைதரசனாக்க வல்லவை என்று டெனிஸ் பசிலின்ஸ்கியும் பிளேக்மோரும் 1983இலேயே காட்டியிருந்தார்கள். 2012இல் ஜப்பானின் கட்டோ, ஹஷிமொட்டோ, வட்டனபே மூவரும் இன்னும் ஒரு படி போனார்கள். இலத்திரன் கொடுக்கும் ஜியோபக்டரையும் நைத்திரேற்றைத் தாழ்த்தும் இன்னொரு பற்றீரியாவையும் சேர்த்து வளர்த்து, நடுவில் காந்தக்கல் துணிக்கைகளைத் தூவினார்கள். துணிக்கைகள் வயராக வேலை செய்தன. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இலத்திரன் கல்வழியே பாய்ந்தது, நைத்திரேற்று பல மடங்கு வேகமாகக் குறைந்தது. ஆய்வுகூடப் போத்தலுக்கும் நீர்வேலிக் கிணற்றுக்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. ஆனாலும் வாய்க்கால் கரையில் கொஞ்சம் சேறும் கோரையும் இருந்தால் அதைச் சுரண்டிச் சீமெந்து பூசுவதற்கு முன் இந்தச் சோதனையை ஒருதரம் நினைத்துப் பாருங்கள் என்று ஒவ்வொரு தோட்டக்காரரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு வழி. ஜாம் போத்தல் இரண்டில் கடனீரேரிச் சேற்றைக் கலக்காமல் எடுத்து, மேலே நான்கு விரல் அளவு அதே நீரை விடுங்கள். காந்தப் பற்றீரியாவைத் தேடுபவர்கள் போத்தலின் வெளிப்பக்கத்தில், சேற்றுக்குச் சற்று மேலே, ஒரு சட்டக் காந்தத்தைக் கட்டி ஒரு மணித்தியாலம் விட்டு, அந்த முனையிலிருந்து ஒரு துளியை உறிஞ்சி எடுத்துப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் வைப்பார்கள். துளியின் அருகே காந்தத்தைத் திருப்பும்போது ஒரு கூட்டம் சேர்ந்தாற்போல் திரும்பினால், அது அதுதான்.

நுணுக்குக்காட்டி இல்லாதவர்கள் ஒரு போத்தலைத் திறந்தபடி யன்னலிலும் மற்றதை இறுக மூடி அலுமாரிக்குள்ளும் வையுங்கள். ஒரு கிழமைக்குப் பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, பழுப்பும் கறுப்பும் சந்திக்கும் கோட்டைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பாருங்கள். அலுமாரிப் போத்தலில் கறுப்பு மேலே ஏறிப் படலத்தை விழுங்கியிருக்கும். யன்னலில் இருந்ததில் கோடு கீழே இறங்கியிருக்கும், ஒரு நெல்மணித் தடிப்பு அளவுக்கு. இனிப் போத்தல்களை இடம் மாற்றி வையுங்கள்.